கைப்பேசிக்கு வரும் செய்தியைச் சோதிப்பது எப்படி: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பாருங்கள். சென்னையிலிருந்து ஒரு மருத்துவக் குறிப்பு வந்திருக்கும். அதன் கீழே மலேசியாவிலிருந்து ஒரு கோயில் வீடியோ. அடுத்து, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நாளை தண்ணீர் வராது என்ற எச்சரிக்கை, சாஸா (அரசின் சமூகப் பாதுகாப்பு முகமை) உதவித்தொகைக்கு ஒரு லிங்க், தமிழின் பெருமை பேசும் ஒரு நீண்ட பார்வர்டு. எல்லாம் ஒரே திரையில், ஒரே எழுத்தில், நமக்குத் தெரிந்தவர்களின் பெயரில் வருவதால் எல்லாமே ஒரே தரமாகத் தோன்றுகின்றன. கடல் தாண்டி வரும் செய்தியிலிருந்து முதலில் உதிர்ந்துபோவது இடமும் தேதியும்தான். நம் ஊர்க் குரூப்களில் வரும் தவறுகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை ஒன்றே. ஒரு செய்தி உண்மையா என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தச் செய்திக்குள் இருக்காது. வெளியே போய்த்தான் பார்க்க வேண்டும். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 வரலாற்றாசிரியர்கள், 10 தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து நம்பகத்தன்மையை மதிப்பிடச் சொன்னார்கள். படித்த பேராசிரியர்களே அழகான சின்னத்தையும் முகவரியின் முடிவையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ தளத்தைச் சில நொடிகள் பார்த்ததும் அதை விட்டு வெளியேறி, புதிய டேப்களைத் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். அவர்கள் குறைவாகப் படித்தார்கள், விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தார்கள். எழுத்துப்பிழை இருக்கிறதா, மொழி நாகரிகமாக இருக்கிறதா என்று செய்தியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை. இன்று மோசடிக்காரர்களும் பிழையில்லாமல் எழுதுகிறார்கள்.

முதல் படி: எதைச் சோதிப்பது, எதை விடுவது

வருவதையெல்லாம் சோதிக்க யாருக்கும் நேரமில்லை, தேவையும் இல்லை. நான்கு வகைச் செய்திகளை மட்டும் கட்டாயம் சோதியுங்கள்: பணம் கேட்பவை, உடம்பில் எதையாவது உட்கொள்ளவோ நிறுத்தவோ சொல்பவை, பாதுகாப்புக்கு ஆபத்து என்பவை, ஒரு இனத்தையோ மதத்தையோ பற்றிக் கோபமூட்டுபவை. மற்றதைச் சோதிக்காவிட்டாலும் பரவாயில்லை, அனுப்பாமல் இருந்தால் போதும்.

செய்தியின் தலைமாட்டில் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது மூல அனுப்புநரிடமிருந்து ஐந்து கைகளாவது மாறி வந்தது என்பதற்கான வாட்ஸ்அப்பின் அடையாளம். அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும்படி 2020 ஏப்ரலில் அந்நிறுவனம் கட்டுப்பாடு வைத்தது. இரட்டை அம்பு இருந்தால் பொய் என்று அர்த்தமில்லை. உங்களுக்கு அனுப்பிய அத்தை அதை எழுதவில்லை, அவருக்கு அனுப்பியவரும் எழுதவில்லை என்பதுதான் அதன் பொருள். அந்த அம்பு இல்லாவிட்டாலும் நிம்மதி அடைய வேண்டாம். நகலெடுத்து ஒட்டினாலோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலோ அம்பு மறைந்துவிடும்.

இரண்டாம் படி: செய்தியைச் சோதிக்கக்கூடிய ஒரு வாக்கியமாக்குவது

நீண்ட பார்வர்டில் பத்து விஷயங்கள் கலந்திருக்கும். ஒன்பது உண்மையாக இருக்கும், பத்தாவதுதான் விஷம். அதனால் யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்கு கேள்விக்கும் விடை வரும்படி மையக் கூற்றை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். நான்கில் இரண்டுக்கு விடை கிடைக்காவிட்டால் சோதனை அங்கேயே முடிந்தது. சோதிக்க முடியாத செய்தியை அனுப்பக் கூடாது.

கருத்தும் தகவலும் இங்கேதான் பிரியும். “இந்த அரசு மோசம்” என்பது கருத்து, அதைச் சோதிக்க முடியாது. “இந்த அரசு இன்ன தேதியில் இன்ன சட்டத்தைக் கொண்டுவந்தது” என்பது தகவல், அரசிதழில் பார்க்கலாம்.

மூன்றாம் படி: வெளியே தேடுவது

1. கூற்றில் உள்ள பெயர்ச்சொற்கள் மூன்று நான்கை மட்டும் தேடுபெட்டியில் போடுங்கள். “உண்மையா?” என்ற சொல்லைச் சேர்த்தால் பெரும்பாலும் அதே பார்வர்டை ஒட்டிய தளங்களே வரும். அதற்குப் பதில் “வதந்தி” என்றோ ஆங்கிலத்தில் அதற்கு நிகரான சொல்லையோ சேர்த்துத் தேடுங்கள்.

2. ஒரு விசித்திரமான சொற்றொடரை இரட்டை மேற்கோள்குறிக்குள் அப்படியே தேடுங்கள். அதே வாக்கியம் நூறு தளங்களில் எழுத்துப் பிசகாமல் கிடைத்தால் அவை நூறு சாட்சிகள் அல்ல. ஒரே சாட்சியின் நூறு நகல்கள்.

3. தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை தேடுங்கள். தமிழில் பெயர்களை இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். டர்பன், டர்பான், தர்பன் என ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு முடிவுகள் வரும்.

4. தேடல் முடிவுகளில் ‘டூல்ஸ்’ பகுதியைத் திறந்து தேதி வரம்பு கொடுங்கள். இன்று வந்த “புதுச் செய்தி” 2016-இலும் இருந்ததா என்று அதில் தெரிந்துவிடும்.

5. முதல் முடிவையே அழுத்தாதீர்கள். பக்கத்தைக் கடைசி வரை உருட்டி, யார் யார் பேசுகிறார்கள் என்று பார்த்த பிறகு எதைத் திறப்பது என்று தீர்மானியுங்கள். விளம்பரம் என்ற குறி உள்ளதைத் தவிருங்கள்.

சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் ஏற்கனவே பார்த்து வைத்திருக்கலாம். தென்னாப்பிரிக்கச் செய்திகளுக்கு 2012 முதல் இயங்கும் ஆப்பிரிக்கா செக், தமிழ்நாட்டுச் செய்திகளுக்குத் தமிழிலேயே எழுதும் யூடர்ன். இவர்களும் பிழை செய்யக்கூடியவர்கள்தாம். ஆனால் எப்படிச் சோதித்தோம் என்று ஒவ்வொரு படியையும் காட்டுகிறார்கள், நீங்களே அதே வழியில் போய்ப் பார்க்கலாம்.

நான்காம் படி: மூலம் வரை நடப்பது

இதுதான் அதிக உழைப்பு கேட்கும் படி, அதிகப் பலன் தருவதும் இதுவே. நம் சமூகத்துக்கு நெருக்கமான இரண்டு செய்திகளை முழுவதுமாகச் சோதித்துக் காட்டுகிறோம்.

முதலாவது, தில்லையாடி வள்ளியம்மை பற்றியது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் இந்தக் கதை குரூப்களில் சுற்றும்: சிறையில் அதிகாரி “உங்கள் நாட்டுக்குக் கொடியே இல்லையே” என்று ஏளனம் செய்ய, வள்ளியம்மை தன் சேலையைக் கிழித்து “இதுதான் எங்கள் கொடி” என்றாராம். அந்தச் சேலையின் காவி, வெள்ளை, பச்சை நிறங்களைத்தான் காந்தி தேசியக் கொடிக்கு எடுத்துக்கொண்டாராம்.

எப்படிச் சோதிப்பது? கூற்று இரண்டு துண்டு. சிறையில் நடந்த உரையாடல் ஒன்று, கொடியின் நிறங்கள் மற்றொன்று. முதல் துண்டுக்கு, அந்தக் காலத்தில் அவரை நேரில் கண்டவர் என்ன எழுதினார் என்று பார்க்க வேண்டும். காந்தி தாமே எழுதிய தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரக வரலாற்றில் ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த 16 வயதுப் பெண் என்று வள்ளியம்மையைக் குறிப்பிடுகிறார். காய்ச்சலோடு விடுதலையாகிப் படுத்திருந்தவரிடம் சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று கேட்டதையும், மறுபடி கைது செய்தால் இப்போதும் போகத் தயார் என்று அவர் சொன்னதையும் பதிவு செய்கிறார். கொடியைப் பற்றி அந்தப் பகுதியில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டாம் துண்டைத் தேதிகளே முடித்துவிடுகின்றன. வள்ளியம்மை மறைந்தது 22 பிப்ரவரி 1914. பிங்கலி வெங்கய்யா 1921-இல் காந்தியிடம் காட்டிய கொடி சிவப்பும் பச்சையும் கொண்டது, வெள்ளைப் பட்டை காந்தி சேர்க்கச் சொன்னது. சிவப்பு போய்க் காவி வந்தது 1931-இல் காங்கிரஸ் ஏற்ற வடிவத்தில்தான். 1914-இல் ஒரு சேலையைப் பார்த்து மூவர்ணத்தை எடுத்திருந்தால் 1921-இல் சிவப்பும் பச்சையும் எதற்கு?

பெரும்பாலோர் தயங்குவது இங்கேதான். கதை பொய் என்று சொன்னால் வள்ளியம்மையைக் குறைப்பதாகிவிடுமோ என்ற பயம். உண்மையில் நடந்ததோ கதையைவிடக் கனமானது: பதினாறு வயது, கடுங்காவல், காய்ச்சல், சாவின் விளிம்பிலும் “மறுபடி போவேன்” என்ற பதில். இதற்குச் சேலைக் கதை தேவையே இல்லை. நமக்குப் பிடித்த செய்தியைத்தான் கூடுதலாகச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் பிடிக்காததை நாமாகவே சந்தேகித்துவிடுவோம்.

இரண்டாவது: “தமிழ் தென்னாப்பிரிக்காவின் ஆட்சிமொழிகளில் ஒன்று.” இதற்கு மூலம் அரசியலமைப்புச் சட்டம். அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, 6-ஆம் பிரிவு அரைப் பக்கம்தான். 6(1) ஆட்சிமொழிகளைப் பட்டியலிடுகிறது. 1996-இல் 11 மொழிகள், 2023 ஜூலையில் தென்னாப்பிரிக்கச் சைகை மொழி சேர்ந்து 12 ஆயின. தமிழ் அதில் இல்லை. ஆனால் பக்கத்தை மூடாமல் கீழே வாருங்கள். 6(5)-இல் மொழி வாரியம் வளர்க்கவும் மதிப்பை உறுதி செய்யவும் வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்ச்சுக்கீசியம் ஆகியவற்றுக்குப் பின் தமிழ் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது, அடுத்து தெலுங்கும் உருதும். ஆட்சிமொழி என்பது தவறு, அரசியலமைப்பில் இடம்பெற்ற மொழி என்பது சரி. பிள்ளைகளின் பள்ளியில் தமிழ் வகுப்பு கேட்கப் போகிறவர் “ஆட்சிமொழி” என்று எழுதினால் மனு முதல் வரியிலேயே சரியும். 6(5)-ஐக் காட்டினால் நிற்கும்.

மூலத்துக்குப் போகும்போது வழக்கமாக நேரும் தடங்கல்கள் மூன்று. கட்டுரையில் உள்ள லிங்க் இன்னொரு கட்டுரைக்கும், அது மூன்றாவதற்கும், அது மறுபடி முதலாவதற்கும் போகும். இப்படி வட்டமடித்தால் மூலம் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது, மூலம் இருக்கும், ஆனால் அது சொல்வது வேறாக இருக்கும். இதுதான் மிகப் பரவலானது. மூன்றாவது, பக்கம் அழிக்கப்பட்டிருக்கும். அப்போது முகவரியை இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டிப் பாருங்கள், பழைய நகல் கிடைக்க வாய்ப்புண்டு.

விக்கிப்பீடியாவை நம்பலாமா என்று கேட்பார்கள். கட்டுரையை நம்ப வேண்டாம், அதன் அடிக்குறிப்புகளைப் பயன்படுத்துங்கள். அடிக்குறிப்பில்லாத வரியை இல்லாததாகவே கொள்ளுங்கள். வரலாறு என்ற பகுதியை அழுத்தினால் அந்த வரியை யார், எந்த நாளில் சேர்த்தார்கள் என்பதும் தெரியும்.

ஐந்தாம் படி: இடமும் நேரமும்

இந்தியாவிலிருந்து வரும் எந்த நேரக் குறிப்பிலிருந்தும் மூன்றரை மணி நேரத்தைக் கழித்தால்தான் நம் நேரம். 7 செப்டம்பர் 2025 முழுச் சந்திர கிரகணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய நேரப்படி முழு மறைவு இரவு 11 மணி முதல் 12.22 வரை. நமக்கு அது இரவு 7.30 முதல் 8.52 வரை. தமிழ்நாட்டுக் குறிப்பை அப்படியே வைத்து 11 மணிக்கு வெளியே வந்தவருக்கு முழு மறைவு முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். சூரிய கிரகணத்தில் கழித்தாலும் போதாது. 26 டிசம்பர் 2019 வளையக் கிரகணம் தமிழ்நாட்டில் தெரிந்தது, இங்கே தெரியவே இல்லை. சந்திர கிரகணம் நிலா தெரியும் எல்லா இடத்துக்கும் ஒரே கணத்தில் நடக்கும். சூரிய கிரகணம் நிழல் விழும் பாதையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

பஞ்சாங்கக் குறிப்புகளுக்கும் இதே கணக்கு. அமாவாசை முடியும் கணம் உலகுக்கெல்லாம் ஒன்று, மூன்றரை மணி கழித்தால் போதும். ராகு காலமும் சூரிய உதயத்தைச் சார்ந்த மற்றவையும் டர்பன் உதயத்தை வைத்துக் கணக்கிட்டால்தான் சரி. நமக்கு டிசம்பர் கோடை என்பதால் சென்னையின் பகல் நீளம் இங்கே பொருந்தாது.

சட்டம், விலை, மருந்துப் பெயர், அவசர எண் ஆகியவையும் ஊருக்கு ஊர் மாறுபவை. இந்திய ரிசர்வ் வங்கியின் விதியை நம் வங்கிக்குப் பொருத்திச் சொல்லும் பார்வர்டுகள் அடிக்கடி வரும். “ரிசர்வ் வங்கி” என்ற பெயர் இரு நாட்டிலும் இருப்பதால் குழப்பம் எளிது.

ஆறாம் படி: படமும் வீடியோவும்

படத்தைச் சேமித்து கூகுள் லென்ஸில் திறங்கள். யாராவது மேலே ஒட்டிய எழுத்தையும் சிவப்பு வட்டத்தையும் வெட்டிவிட்டுத் தேடினால் முடிவு மேம்படும். பிறகு டின்ஐ தளத்தில் ஏற்றி, மிகப் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். அங்கே 2018 என்று வந்தால் நேற்று எடுத்த படம் அல்ல என்பது உறுதி. ஆனால் அந்த 2018 பக்கம்தான் மூலம் என்று முடிவு கட்டக் கூடாது. படம் அதற்கும் முன்பே எங்காவது இருந்திருக்கலாம். வீடியோவாக இருந்தால் பெயர்ப்பலகை, வண்டி, கட்டடம் தெரியும் நான்கு இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒவ்வொன்றையும் தேடுங்கள். படக் கோப்பிலேயே எடுத்த நாளும் இடமும் பதிந்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்தத் தகவல் நீங்கிவிடுவதால் அந்த வழி பயன்படாது.

பிறகு கண்ணால் பாருங்கள். வண்டி இடப்பக்கம் போவதை வைத்து “நம்ம ஊர்தான்” என்று சொல்லிவிட முடியாது. இந்தியா, இலங்கை, மலேசியா எல்லாமே இடப்பக்கம்தான். நம்பர் பிளேட் நம்பகமான தடயம். குவாசுலு-நட்டாலில் டர்பன் வண்டிகள் ‘என்டி’ என்றும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வண்டிகள் ‘என்பி’ என்றும் தொடங்கும். புதிய பிளேட்டுகளின் முடிவில் ‘இசட்என்’ வரும். கடைப்பலகையின் மொழி, போலீஸ் உடையின் நிறம், பெட்ரோல் நிலையத்தின் பெயர் ஆகியவையும் உதவும். நண்பகல் நிழலும் பேசும். டர்பன் மகர ரேகைக்கும் தெற்கே இருப்பதால் ஆண்டு முழுவதும் நண்பகலில் நிழல் தெற்கே விழும்.

வெள்ளம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் குவாசுலு-நட்டாலில் வெள்ளத்தால் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் உறவினர் எங்கே சிக்கியிருக்கிறார் என்று தேடும் குரூப்பில் வேறு ஊர் வீடியோ ஒன்று விழுந்தால் மீட்பவர்களின் நேரம் வீணாகும். வானிலை எச்சரிக்கைக்குத் தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் பக்கத்தை மட்டும் பாருங்கள். அவர்களின் எச்சரிக்கையில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறமும், பொருந்தும் இடமும் நேரமும் கட்டாயம் இருக்கும்.

ஏழாம் படி: வாய்ஸ் நோட்

எழுத்தைவிடக் குரல் ஆபத்தானது. அழும் குரலும் பதறும் குரலும் சந்தேகத்தை அணைத்துவிடும். தேடுபெட்டியில் குரலைப் போட்டுத் தேடவும் முடியாது. 2021 ஜூலைக் கலவரத்தில் குவாசுலு-நட்டாலிலும் கௌட்டெங்கிலும் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பன் அருகிலுள்ள பீனிக்ஸில் மட்டும் 36 பேர். அந்த நாட்களில் “அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்” வகைச் செய்திகளும் குரல்பதிவுகளும் தெருவுக்குத் தெரு பரவி அச்சத்தைப் பெருக்கின. உண்மையான ஆபத்தும் இருந்த நேரம் அது. அதனால்தான் பொய்யைப் பிரிப்பது அத்தனை கடினமாகவும் அத்தனை அவசியமாகவும் இருந்தது.

இத்தகைய நோட் வந்தால் செய்ய வேண்டியது: கேட்டு, அதில் சொல்லும் தெருப்பெயர், நேரம், பேசுபவர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். “இன்று இரவு” என்றால் எந்த இரவு? அனுப்பியவரிடம் “நீங்கள் பார்த்தீர்களா, யார் பார்த்தது?” என்று தனியே கேளுங்கள். அந்தத் தெருவில் வசிக்கும் ஒருவருக்குப் போன் செய்யுங்கள். ஆபத்து உண்மை என்றால் போலீஸின் 10111-க்கு அழையுங்கள். குரூப்பில் போடுவது யாரையும் காப்பாற்றாது. வன்முறையைத் தூண்டும் செய்தியை அனுப்புவது 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள சைபர் குற்றச் சட்டப்படி குற்றம் என்பதையும் குரூப் அட்மின்கள் அறிந்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: பணம் கேட்கும் லிங்க்

முகவரியை இப்படிப் படியுங்கள். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விடுங்கள். அதன்பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு உடனே இடப்பக்கம் என்ன இருக்கிறதோ அதுதான் தளத்தின் சொந்தக்காரர். சாஸா என்ற சொல் முகவரியின் தொடக்கத்தில் இருந்தும், அந்தச் சாய்கோட்டுக்கு முன்னால் ‘டாட் ஜிஓவி டாட் இசட்ஏ’ என்று முடியாவிட்டால் அது அரசுத் தளம் அல்ல. ‘டாட் சிஓ டாட் இசட்ஏ’ யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். பூட்டுப் படம் இருப்பது தகவல் வழியில் திருடு போகாது என்பதற்கு மட்டும் உறுதி. மறுமுனையில் இருப்பவரே திருடராக இருந்தால் பூட்டு என்ன செய்யும்? சாஸா உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. சந்தேகம் இருந்தால் செய்தியில் உள்ள எண்ணை விட்டுவிட்டு 0800 60 10 11-க்குப் பேசுங்கள்.

முதலீடு என்றால் நிதித்துறை நடத்தை ஆணையத்தின் பதிவேட்டில் அந்த நிறுவனத்தின் எண்ணைத் தேடுங்கள். எண் இருப்பது மட்டும் போதாது. மோசடிக்காரர்கள் உண்மையான நிறுவனத்தின் எண்ணையே திருடிப் போடுவார்கள். பெயர், எண், அனுமதிக்கப்பட்ட சேவை மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஸ்டாக்வெல் (சீட்டு போன்ற கூட்டுச் சேமிப்பு) என்ற நல்ல பெயரை மாட்டிக்கொண்டு வரும் திட்டங்களுக்கு ஒரு பெருக்கல் போதும். 200 ராண்ட் போட்டால் 1,200 கிடைக்கும் என்றால் ஒருவருக்குக் கொடுக்க ஆறு புதியவர்கள் வேண்டும். அந்த ஆறு பேருக்கு 36, பிறகு 216, 1,296 என்று போகும். எட்டாவது அடுக்கில் 16,79,616 பேர் தேவை. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்நாட்டின் இந்திய, ஆசிய மக்கள் மொத்தமே 16,97,506. உண்மையான ஸ்டாக்வெலில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள், போட்ட பணம்தான் சுற்றிவரும், அது பெருகாது.

ஒன்பதாம் படி: உடம்பும் மருந்தும்

சோதிப்பது என்றால் பொய் என்று நிரூபிப்பது மட்டுமல்ல. “போலனி (பதப்படுத்திய இறைச்சி) சாப்பிடாதீர்கள்” என்ற செய்தி 2018 மார்ச்சில் வந்தபோது பலர் வதந்தி என்று தள்ளியிருக்கக்கூடும். அது உண்மை. மார்ச் 4 அன்று சுகாதார அமைச்சர் லிஸ்டீரியா நோயின் மூலம் போலொக்வானேயில் ஒரு தொழிற்சாலை என்று அறிவித்தார். அந்தப் பரவலில் 1,060 பேர் பாதிக்கப்பட்டு 216 பேர் இறந்தனர். தேசியத் தொற்றுநோய் நிறுவனத்தின் தளத்தைத் திறந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் உறுதியாகியிருக்கும். எதையும் நம்பாதவரும் எல்லாவற்றையும் நம்புபவரைப் போலவே ஏமாறுகிறார்.

மருத்துவர் சொன்னார் என்றால் எந்த மருத்துவர்? பெயரைத் தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தேடலாம், என்ன துறையில் பதிவு செய்தவர் என்றும் அங்கே தெரியும். பல் மருத்துவர் இதய நோய்க்கு மருந்து சொன்னால் பதிவு உண்மையாக இருந்தாலும் பயனில்லை. ஆய்வு என்றால், எலியிலா மனிதரிலா, எத்தனை பேர், ஒப்பிட வேறு ஒரு குழு இருந்ததா என்ற மூன்றையும் கேளுங்கள். கண்ணாடித் தட்டில் இருந்த செல்களை மஞ்சள் கொன்றது என்பதிலிருந்து நம் உடம்பில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. எந்தக் குறிப்பு வந்தாலும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

சதவீதம் மிரட்டும்போது “எதிலிருந்து எதற்கு?” என்று கேட்க வேண்டும். தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015-இல் சொன்னது. அதை “நூறு பேரில் 18 பேருக்குப் புற்றுநோய்” என்று மாற்றிப் பரப்பினார்கள். அடிப்படை அபாயம் நூறில் 5 என்று வைத்துக்கொண்டால் 18 சதவீதம் கூடி அது சுமார் 6 ஆகும். புகையிலையோடு ஒரே பிரிவில் வைத்தார்கள் என்பதும் உண்மைதான். அந்தப் பிரிவு சான்றின் உறுதியைச் சொல்கிறது, ஆபத்தின் அளவைச் சொல்லவில்லை.

பத்தாம் படி: செயற்கை நுண்ணறிவு

விரல்களை எண்ணிப் போலிப் படத்தைப் பிடிக்கும் காலம் போய்விட்டது. செய்தி வாசிப்பாளர் முகத்தையும் குரலையும் போலி செய்து முதலீடு விற்கும் வீடியோக்கள் நம் நாட்டிலேயே உலவுகின்றன. முகத்தை உற்றுப் பார்ப்பதை விட்டு, அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று பாருங்கள். பேரனின் குரலில் அவசரமாகப் பணம் கேட்டு அழைப்பு வந்தால் வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கனவே உள்ள எண்ணில் பேரனைக் கூப்பிடுங்கள். குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்வதும் நல்லது. அதை எந்த குரூப்பிலும் எழுதாதீர்கள்.

சாட்பாட்டிடம் “இது உண்மையா?” என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அது சொல்லும் பதிலும் சோதிக்க வேண்டிய இன்னொரு செய்திதான். 2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் குழு காட்டிய ஒன்பது முன்தீர்ப்புகளில் இரண்டை மட்டுமே கண்டுபிடிக்க முடிந்தது. மற்றவை செயற்கை நுண்ணறிவு புனைந்தவையாக இருக்கலாம் என்று நீதிபதி கருதி, அந்த நடத்தையை வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் சட்டத் தொழில் மன்றத்தின் பார்வைக்கு அனுப்பினார். சாட்பாட்டைத் தேடுசொற்கள் தரவும், மூலம் எங்கே இருக்கலாம் என்று காட்டவும் பயன்படுத்துங்கள். அது தரும் ஒவ்வொரு லிங்கையும் திறந்து, அந்த வரி உண்மையில் அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தமிழில் கேட்கும்போது இந்தியச் சட்டத்தையே நம் சட்டமாகச் சொல்லிவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால் நாட்டின் பெயரைக் கேள்வியிலேயே சேருங்கள்.

தவறு என்று தெரிந்தபின் என்ன செய்வது

குரூப்பில் எல்லோர் முன்னாலும் பெரியப்பாவைத் திருத்தினால் அவர் செய்தியைக் காப்பாற்ற மாட்டார், தன் மானத்தைக் காப்பாற்றுவார். பேச்சு அங்கே முடிந்துவிடும். முதலில் தனியே எழுதுங்கள்: “பெரியப்பா, நீங்க அனுப்பினதைப் பார்த்தேன். எங்கிருந்து வந்ததுன்னு தேடினேன், இது 2016-ல இந்தியாவுல நடந்ததாம். இதோ லிங்க். நீங்களே குரூப்ல ஒரு வார்த்தை போட்டுடறீங்களா?” அவரே திருத்தினால் மற்றவர்கள் ஏற்பார்கள். பணமோ உயிரோ சம்பந்தப்பட்டது என்றால் மட்டும் காத்திருக்காமல் குரூப்பிலேயே போடுங்கள், ஆளைக் குறிப்பிடாமல். திருத்தத்தில் சரியான தகவலை முதல் வரியில் எழுதுங்கள். பொய்யைப் பெரிய எழுத்தில் மறுபடி எழுதினால் வேகமாகப் படிப்பவருக்கு அதுதான் நினைவில் நிற்கும். பழைய படத்தைத் திரும்பப் போடுவதானால் குறுக்கே “தவறு” என்று பெரிதாக எழுதிப் போடுங்கள், இல்லாவிட்டால் அது மறுபடி பயணம் கிளம்பிவிடும்.

வெறுப்பையோ வன்முறையையோ தூண்டும் பதிவுகளையும் தேர்தல் குறித்த பொய்களையும் ரியல்411 தளத்தில் புகார் செய்யலாம். ஸ்கிரீன்ஷாட்டும், பார்த்த தேதியும், இணையப் பதிவாக இருந்தால் முகவரியும் வைத்திருங்கள், பதிவு அழிக்கப்பட்டாலும் புகார் நிற்கும். பத்திரிகையில் வந்த தவறுக்கு முதலில் ஆசிரியருக்கு எழுதலாம். அந்தப் பத்திரிகை தென்னாப்பிரிக்கப் பத்திரிகை மன்றத்தில் உறுப்பு என்றால் மன்றத்திடமும் முறையிடலாம், வெளியான நாளிலிருந்து 20 வேலை நாட்களுக்குள்.